ஒரே மாதிரிதான்

"ரெண்டும் ஒரே மாதிரிதான்" என்று முதலாளி சொன்னபோது, ஏதோ வாய்க்கு வந்த சமாதானம் சொல்கிறார் என்றுதான் சின்னவள் நினைத்தாள். அந்த மனுஷன் அந்த வாரத்தில் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று தெரிய அவளுக்கு ஒரு நாள் ஆயிற்று.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடுவது. அக்கா பெரியவள், இவள் சின்னவள், அவ்வளவுதான் கணக்கு. முப்பத்திரண்டு வயதாகி, நான்கு கம்பெனி பார்த்து, தலையில் இரண்டு நரையும் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இந்தக் கம்பெனிக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. கம்பெனி என்றால் டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு பால்கனி, எப்போதும் ரப்பர் வாடை. ட்ரோன் பறக்கவிட்டுக் கூரைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் கோபுரங்களையும் படம் எடுத்துக் கொடுப்பது தொழில். அக்கா புருஷன் ஆறு வருஷமாக அங்கே பைலட். கம்ப்யூட்டர் நிரல் எழுத ஆள் தேடுகிறார்கள் என்று அவர் சொல்லித்தான் இவள் வந்தாள். வீட்டில் மாமா, ஆபீசில் பைலட் சார் என்று கூப்பிட வேண்டும் என ஏற்பாடு. முதல் நாளே மறந்துபோய் எல்லார் முன்னாலும் மாமா என்றுவிட்டாள்.

முதலாளிக்கு முதுகுக்குப் பின்னால் 'ஆயிடும் சார்' என்று பெயர். பேட்டரி வீங்கியிருக்கு சார் என்றால், "ஆயிடும்." காத்து பலமா இருக்கு சார் என்றால், "ஆயிடும், ஆயிடும்." எதுவும் தானாக ஆகிவிடாது, யாரோ ஒருத்தர் செய்துதான் ஆகிறது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது.

பத்து நாளுக்கு முன்னால் ஒரு கிடங்கின் கண்ணாடிக் கூரையைப் படம் எடுக்கப் போனார்கள். ட்ரோன் மேல் உட்கார்ந்திருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்தான் வழி சொல்லும். அது தானாகப் போய்த் தானாகத் திரும்பும். பைலட் கீழே ரிமோட்டோடு நிற்பது, ஏதாவது கோணலாகப் போனால் சுவிட்சைத் தட்டிக் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளத்தான். அன்றைக்கு மாமா ரிமோட்டோடு நிற்கும்போது அது கோணலாகப் போயிற்று. நேராகக் கூரையில் இறங்கியது. கண்ணாடி பொலபொலவென்று உள்ளே கொட்டி, கிடங்கு வாட்ச்மேனுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்பது தையல்.

கம்பெனி எழுதிய அறிக்கையில் மாமா மேல் இரண்டு குற்றம். ஒன்று, நேரத்துக்குக் கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. இரண்டு, ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். இரண்டாவதற்குக் காமிரா சாட்சி வேறு. கிடங்கு வாசல் காமிராவில் ரிமோட் தரையில் விழுவதும், மாமா படத்தை விட்டு வெளியே ஓடுவதும் நன்றாகத் தெரிந்தது. அவ்வளவுதான், 'ஓடின பைலட்' என்று ஊரே பேச ஆரம்பித்துவிட்டது. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வியாழக்கிழமை பறப்பு அனுமதி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். என் கவனக்குறைவுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் லைசென்ஸ் ஆறு மாதத்துக்குத்தான் நிற்கும், போடாவிட்டால் ஜென்மத்துக்கும் கிடையாது என்று முதலாளி மாமாவிடம் சொல்லி வைத்திருந்தார். வேறு தொழில் தெரியாத மனுஷன், நாற்பத்தாறு வயது, படிக்கிற இரண்டு பிள்ளைகள். என்ன செய்வார்?

திங்கட்கிழமை முதலாளி சின்னவளைக் கூப்பிட்டார்.

"அதிகாரி வர்றப்ப நம்ம சாஃப்ட்வேர் ஓடறதக் காட்டணும். அது ஒழுங்கா ஓடுதுன்னு பாத்துட்டா மெஷின் மேல தப்பு இல்லன்னு முடிஞ்சிடும்."

"நம்ம சாஃப்ட்வேர் எங்க சார் இருக்கு?"

நியாயமான கேள்விதான். குட்டிக் கம்ப்யூட்டர் விபத்தில் இரண்டாகப் பிளந்துவிட்டது. அதற்கு நிரல் எழுதினவன் இரண்டு மாதம் முன்பே வேறு தேசத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்; போன் அடித்தால் எடுப்பதில்லை. ஆபீசில் அவனுக்கு இப்போது 'முன்னாள்' என்றுதான் பெயர். மூல நிரலை எங்கே வைத்தான் என்று ஒருவருக்கும் தெரியாது.

"அது அவன் லேப்டாப்போட போச்சு. நீ அந்த ட்ரோன் கம்பெனிக்காரன் குடுக்கற மாதிரி நிரல் இருக்குல்ல, அதைப் புது கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டு. ரெண்டும் ஒரே மாதிரிதான்."

மாதிரி நிரல் என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ட்ரோன் செய்கிறவர்கள், இதற்கு நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்காகச் சின்னதாக ஒன்று எழுதித் தருவார்கள். எழும்பு, நில், நாலடி முன்னால் போ, இறங்கு. துணிக்கடை பொம்மைக்கு மாட்டிய சட்டையைப் போல, பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் அது. பொம்மைச் சட்டைக்குப் பின்பக்கம் தையலே இருக்காது, குண்டூசிதான் குத்தியிருக்கும்.

'பத்து நிமிடத்தில் தயார்' என்று கையேட்டில் போட்டிருந்தது. எழுதினவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. முதலில் அந்தக் கம்பெனியின் தளத்தில் பதிவு செய்து, ஓர் எண்ணும் ஒரு ரகசியச் சாவியும் வாங்க வேண்டும். 'உங்கள் சாவியை இங்கே இடவும்' என்று இருந்த இடத்தில் இட்டாள். பக்கத்திலிருந்த அடைப்புக்குறியை அழிக்க மறந்தாள். தவறான சாவி, தவறான சாவி என்று அது முக்கால் மணி நேரம் அவளைத் திட்டியது. பிறகு கம்பி. குட்டிக் கம்ப்யூட்டர் பேசும் கம்பி, ட்ரோன் கேட்கும் கம்பியில் சேர வேண்டும்; இவள் பேசுவதைப் பேசுவதோடேயே சேர்த்துவிட்டாள். இரண்டும் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தன. அதைப் பிரித்து மாற்றினால், இரண்டு பக்கத்து வேகமும் ஒத்துப்போகவில்லை. அதைச் சரிசெய்தால், கம்பி செருகிய துளையைத் தொட உனக்கு அனுமதி இல்லை என்றது. சொந்தக் கம்ப்யூட்டர், சொந்த மேசை, அனுமதி இல்லையாம். "இதோ பாரு, நீயும் என்னைக் கேள்வி கேக்கறியா" என்று அதனிடம் சொல்லிவிட்டு அனுமதியைத் திறந்தாள். கீழே டயர்க் கடையில் காற்றடிக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் அது ஓடியது. இறக்கைகளைக் கழற்றி, ட்ரோனைப் பட்டையால் மேசையோடு இறுக்கிக் கட்டி, லேப்டாப்பில் பறப்பது போலக் காட்டும் பொய் வானம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். மோட்டார்கள் உர்ரென்று சுற்ற, திரையில் ட்ரோன் எழும்பி நின்றது. தான் பறப்பதாகவே அது நம்பியது.

'எந்த நேரத்திலும் நிறுத்த, ரிமோட்டின் சுவிட்சைத் தட்டவும்' என்றது கையேடு. தட்டினாள். 'கட்டுப்பாடு போயிற்று' என்று திரையில் ஒரு வரி ஓடியது. நல்லது என்று அவள் மூச்சு விடுவதற்குள் இன்னொரு வரி: 'கட்டுப்பாடு பெறப்பட்டது'. ட்ரோன் தன் பாட்டுக்கு நாலடி போயிற்று. மறுபடி தட்டினாள். போயிற்று. அரை வினாடி. பெறப்பட்டது. மறுபடி. மறுபடி. சனியன் பிடித்த சாமான், கையிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிக்கொண்டு போனது.

தான்தான் கம்பியைத் தப்பாகச் செருகிவிட்டோம் என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. திரையில் வருவதெல்லாம் ஆங்கில வரிகள். 'கண்ட்ரோல்' என்ற வார்த்தைக்குக் கடைசியில் ஓர் 'எல்' போதும். 'பெறப்பட்டது' வரியில் மட்டும் இரண்டு 'எல்' இருந்தது. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து விபத்து அறிக்கையை எடுத்தாள்.

விபத்தன்று ட்ரோன் கீழே அனுப்பிய வரிகளெல்லாம் அதில் பின்னிணைப்பாக இருந்தன. போயிற்று, பெறப்பட்டது. போயிற்று, பெறப்பட்டது. ஒவ்வொரு 'பெறப்பட்டது'விலும் இரண்டு 'எல்'. அந்த வரிகளைச் சுற்றி முதலாளி சிவப்பு மையில் வட்டம் போட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: 'பைலட் பதறிப்போய் சுவிட்சை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்.'

இரண்டு பேர் ஒரே எழுத்துப்பிழையைச் செய்யலாம். ஒரே இடத்தில், ஒரே வரியில், ஒரே வரிசையில் செய்வார்களா? முன்னாள் ஒன்றும் எழுதவே இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று, மாதிரியை அப்படியே தூக்கி வைத்து, நாலடி இருந்த இடத்தில் போக வேண்டிய தூரத்தை மட்டும் போட்டு, மேலே கம்பெனி பெயரை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். ரெண்டும் ஒரே மாதிரிதான். எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி.

நிரலைத் திறந்து அந்த வரியைத் தேடினாள். ஏழு வரி. கட்டுப்பாடு பறிபோனால் உடனே திரும்பக் கேட்டு வாங்கு என்று சொல்லும் ஏழு வரி. அதற்கு மேலே ஒரு குறிப்பும் இருந்தது: 'மாதிரி தடையில்லாமல் ஓடிக் காட்டுவதற்காக மட்டும். உண்மையான பறப்பில் இந்தப் பகுதியை நீக்கிவிடவும்.'

சின்னவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா, ஒருத்தன் படிக்கவில்லை, ஒருத்தன் கேட்கவில்லை, 'முழுக்க முழுக்க எங்கள் சொந்த மூளையில் உருவானது' என்று பளபளா தாளில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று, சுவிட்சைத் தட்டித் தட்டி ஓய்ந்த மனுஷனைப் பிடித்துப் பதறினவன் என்று எழுதியிருக்கிறார்கள். அவள் அறிக்கையையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, அப்ப அந்த ஏழு வரியை எடுத்துடு."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டு அதிகாரிகிட்ட ஓட்டிக் காட்டு. எடுக்கச் சொல்லி அவனே எழுதியிருக்கான்ல."

"எடுத்துட்டா அது அன்னிக்குப் பறந்தது இல்ல சார். அன்னிக்கு இந்த ஏழு வரியும் அதுலதான் இருந்துச்சு."

"அன்னிக்கு என்ன இருந்துச்சுன்னு யாரு பாத்தா? கம்ப்யூட்டர்தான் உடைஞ்சு போச்சே. இங்க பாரும்மா, உன் மாமான்னு நீ பாக்கற. எனக்குப் பதினாலு பேர் வேலை இருக்கு. ஆறு மாசம் வீட்ல இருக்கட்டும், அப்புறம் நானே கூப்பிட்டு வேலை தரேன். எல்லாம் ஆயிடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். அந்தச் சோற்றை நீயே பிசைந்து பரிமாறு என்று சொல்கிற ஆளை இப்போதுதான் பார்த்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, வெளியே வந்துவிட்டாள். ஐந்து வாரத்து வேலை போய்விடுமே என்ற பயமும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் துவைத்த துணி மலையாகக் குவிந்து கிடக்க, அக்கா மடித்துக்கொண்டிருந்தாள். மாமா சாப்பாட்டு மேசையில் கடிதத்தின் நகலைக் கையால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கவனக்குறைவு' என்ற வார்த்தையில் பேனா நின்றிருந்தது.

"அதை எழுதாதீங்க மாமா" என்று செருப்பைக்கூட சரியாகக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். ஏழு வரி, இரண்டு 'எல்', அரை வினாடி, குறிப்பு, எல்லாவற்றையும் அரை மணி நேரம் மூச்சு விடாமல் சொன்னாள். அக்கா துணியைப் போட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள். முதலாளி பரம்பரையையே இழுத்து இரண்டு வார்த்தை திட்டவும் செய்தாள்.

மாமா திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "அதுல அப்பிடியே எழுதியிருக்கா?" என்றார்.

"எழுதியிருக்கு மாமா. தப்பு உங்க கையில இல்ல."

"சரிம்மா. அதுல இருந்தா சரி" என்றார். சந்தோஷப்படுவார் என்று ஓடிவந்தவளுக்குச் சப்பென்று போயிற்று. மனுஷன் அப்படி நொந்துபோயிருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மா, கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி, கையில் கட்டம் போட்ட நோட்டு. மாமா ஓரத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய கடிதம் தட்டச்சாகி மேசையில் இருந்தது. முதலாளி தேநீர் வரவழைத்து, கம்பெனி வளர்ந்த கதையைச் சொல்லி, கடைசியில் சின்னவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவள் ஓட்டினாள். ஏழு வரியோடு.

"மேடமே போட்டுப் பாருங்க" என்று முதலாளி ரிமோட்டை எடுத்து அதிகாரியின் கையிலேயே கொடுத்தார். "இந்த சுவிட்ச்தான். சின்னக் குழந்தைகூட எடுத்துடலாம்."

அந்த அம்மா சுவிட்சைத் தட்டினார். மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. திரையில் ட்ரோன் அசராமல் தன் வழியில் போயிற்று.

"முழுசாத் தள்ளணும் மேடம்."

முழுசாகத்தான் தள்ளினார். மறுபடி தள்ளினார். இன்னொரு தடவை.

"பதறாமப் போடுங்க மேடம். கை நடுங்குனா சரியா விழாது."

அறையில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டார்கள். அவருக்கே தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும், சின்னவளை வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார்.

"நான் பதறல" என்றார் அதிகாரி. ரிமோட்டை மேசையில் வைத்தார். "யாராவது எனக்குச் சொல்றீங்களா?"

சின்னவள் சொன்னாள். இந்தத் தடவை நிதானமாக, அறிக்கையின் பின்னிணைப்பையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்துக் காட்டினாள். அந்த ஏழு வரியை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை என்பதையும் சொன்னாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு 'எல்'களையும் எண்ணி, நோட்டில் எழுதினார்.

முதலாளி அதற்குள் சுதாரித்துவிட்டார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் பாதியை ட்ரோனில் காட்டியிருந்தால் கண்ணாடி உடைந்திருக்காது.

"சரி மேடம், மெஷின் கேக்கல, ஒத்துக்கறேன். முன்னாடி இருந்த பையன் பண்ணின வேலை. ஆனா ரிமோட்டைப் போட்டுட்டு ஓடினாரே, அதுக்கும் இவ மாதிரியில வரி இருக்கா? காமிரா பொய் சொல்லுமா?"

இரண்டு நாள் தோண்டினதில் அதைச் சின்னவள் தொடவே இல்லை.

அதிகாரி மாமா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஏன் ஓடினீங்க?"

மாமா அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார்.

"வாட்ச்மேன் உள்ள கண்ணாடிக்கு நேர் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டிருந்தாரு மேடம். கதவு திறந்துதான் இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சுது. நானும் போட்டுப் போட்டுப் பாத்தேன், மெஷின் கேக்கல. ஆளாவது கேப்பாருன்னு கத்திக்கிட்டே உள்ள ஓடினேன். கேக்காததக் கையில வெச்சுக்கிட்டு என்ன பண்றது? கீழ போட்டுட்டேன்."

"கேட்டாரா அவரு?"

"கேட்டாரு. செவுத்தோரமா ஒதுங்கிட்டாரு. கையில மட்டும்தான் பட்டுச்சு."

"கண்ணாடி கொட்டற இடத்துக்குள்ள ஓடியிருக்கீங்க. பத்து நாளா இதை ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல மேடம்" என்றார் மாமா.

அதிகாரி மேசை மேலிருந்த கடிதத்தை எடுத்து, "இதுல கையெழுத்து வேண்டாம்" என்று தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு முதலிலிருந்து சொல்லுங்கள் என்று எழுத ஆரம்பித்தார். மாமா நாற்காலியில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

முதலாளி மேலிருந்த கோபம் சின்னவளுக்கு அப்படியே இருந்தது. ஆனால் முகம் எரிந்தது வேறு காரணத்துக்காக. இந்தப் பத்து நாளில் நாலு தடவை அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். முதல் தடவை போனபோதே, ஆனைக்கும் அடி சறுக்கும் மாமா, விடுங்க என்று பெரிய மனுஷி மாதிரி தோளைத் தட்டிவிட்டு வந்தவள் அவள்தான். நேற்றும் அரை மணி நேரம் அவளேதான் பேசினாள். மெஷினிடம் ஆயிரம் கேள்வி கேட்டவள், என்ன நடந்தது மாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.